கையில் எடுத்தால் விழிக்கும் பெட்டி: தானே இயங்கும் சின்ன மின்னணுப் பொருள்களைச் செய்வது எப்படி

கையில் எடுத்தால் உள்ளே ஒரு வெளிச்சம் மெல்ல விழிக்கும். கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் சற்று நேரத்தில் தூங்கிவிடும். பலமாகக் குலுக்கினால் பயந்து சட்டென்று அணைந்துபோய், அப்புறம் எட்டிப்பார்க்கிற மாதிரி இரண்டு தடவை மினுங்கிவிட்டுத் திரும்ப வரும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிப், ஒரு எல்.இ.டி., ஒரு சாய்வு சுவிட்ச், ஒரு பட்டன் பேட்டரி. இவ்வளவுதான். போனோடு இணைக்க வேண்டியதில்லை, ஆப் இல்லை, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. இதைப் பலர் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர்கள் யாரும் முதலில் “இது எதற்கு?” என்று கேட்பதில்லை, சாய்த்துப் பார்க்கிறார்கள், காதருகே கொண்டுபோகிறார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறார்கள்.

இந்த மாதிரிப் பொருள்களை எப்படி யோசிப்பது, எப்படிச் செய்து முடிப்பது என்று இங்கே எழுதுகிறேன். மின்னணுவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒரு ரெசிஸ்டரையும் எல்.இ.டி.யையும் பிரெட்போர்டில் செருகி எரியவிட்ட அனுபவம் இருந்தால் சுலபமாக இருக்கும்.

முதலில் சைகை, அப்புறம் சர்க்யூட்

பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் பாகத்திலிருந்து தொடங்குகிறார்கள். “என்னிடம் ஒரு தூரம் அளக்கும் சென்சார் இருக்கிறது, இதை வைத்து என்ன செய்யலாம்?” என்று. அப்படித் தொடங்கினால் கடைசியில் கிடைப்பது அந்த சென்சார் வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ஒரு சாமான். இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். நான் செய்வது இதுதான்: ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவேன். “ஒருவர் இதை இப்படிச் செய்தால், இது இப்படிப் பதில் சொல்லும்.” முன்பாதியில் கை செய்யும் வேலை, பின்பாதியில் பொருள் தரும் பதில். தூக்கினால் விழிக்கும். ஊதினால் சிணுங்கும். நிழல் விழுந்தால் சுருதி இறங்கும். இரண்டு பேர் கைகோத்துத் தொட்டால்தான் பாடும். அந்த வாக்கியத்தை ஒரு குழந்தையிடம் சொன்னால் உடனே செய்து பார்க்கக் கை நீட்ட வேண்டும். நீட்டவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள், சால்டரிங் அயர்னை இன்னும் சூடாக்க வேண்டாம்.

இந்த வகையில் என் மனதில் எப்போதும் நிற்பது 1952-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் கிளாட் ஷானன் செய்த பெட்டி. யோசனை, பின்னாளில் செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடியான மார்வின் மின்ஸ்கியுடையது. பெட்டிமேல் ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் மூடி திறக்கும், உள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விடும், மூடி மூடிக்கொள்ளும். ஒரு சுவிட்ச், ஒரு மோட்டார், ஒரே ஒரு வாக்கியம். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் உலகம் முழுவதும் ஆட்கள் அதைத் தங்கள் கையால் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கிறார்கள். இன்னொன்று, 1970-களில் ஆம்ஸ்டர்டாமில் இசைக் கலைஞர் மிஷெல் வைஸ்விஸ் உருவாக்கிய கிராக்கிள்பாக்ஸ். பேட்டரியும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் சின்ன மரப்பெட்டி, மேலே சில உலோகத் தொடுபட்டைகள். விரல் வைத்தால் உங்கள் தோலே சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டராகச் சேர்ந்துகொள்ளும். அழுத்தும் விதம், விரலின் ஈரம், எந்தப் பட்டையோடு எந்தப் பட்டை என்பதைப் பொறுத்து அது கத்தும், கீச்சிடும், முணுமுணுக்கும். வாசிக்கத் தெரியாதவர்கூட முதல் விநாடியிலேயே அதிலிருந்து ஏதோ ஒரு சத்தத்தை எழுப்பிவிடுவார். பழகினவர் அதில் ஒரு கச்சேரியே செய்யலாம்.

வாக்கியம் கிடைத்ததும் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யாரும் தொடாதபோது இது என்ன செய்யும்? யாராவது அளவுக்கு மீறி, முரட்டுத்தனமாகச் செய்தால் என்ன ஆகும்? பத்தாவது தடவை செய்யும்போது முதல் தடவையில் தெரியாத ஏதாவது ஒன்று தெரியவருமா? முதல் கேள்விக்கு என் விடை ஏறக்குறைய எப்போதும் “தூங்கும்” என்பதுதான். எந்நேரமும் மினுக்கிக்கொண்டே இருக்கும் பொருளை நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அமைதியாக இருப்பது தொட்டதும் உயிர் பெறுவதில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடையில்தான் பொருளுக்குக் குணம் வருகிறது. குலுக்கினால் இன்னும் பிரகாசமாக எரிவது ஒரு குணம், குலுக்கினால் ஒளிந்துகொள்வது வேறு குணம். சர்க்யூட்டில் ஒரு பாகம்கூட மாறுவதில்லை, ஆனால் கையில் வைத்திருப்பவர் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது.

பதிலின் நேரமும் மென்மையும்

கை அசைந்த பிறகு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிநொடிக்குள் ஏதாவது ஒன்று நடந்துவிட வேண்டும். அதற்குள் நடந்தால் “நான் செய்தேன், இது பதில் சொன்னது” என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. தாமதித்தால் அது தற்செயலாகத் தோன்றும். முழுப் பதிலும் அதற்குள் வந்துவிட வேண்டும் என்பதில்லை, ஒரு சின்னத் தொடக்கம் போதும். என் பெட்டியில் தூக்கிய உடனே மிக மங்கலாக ஒரு மினுக்கு, அப்புறம் இரண்டு நொடி எடுத்துக்கொண்டு வெளிச்சம் ஏறும்.

வெளிச்சத்தை ஏற்றி இறக்கும்போது புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். வெளிச்ச அளவைச் சிப்புக்குச் சொல்லும் எண்ணை 0 முதல் 255 வரை சமமாக ஏற்றினால் கண்ணுக்கு அது சமமாகத் தெரியாது. தொடக்கத்தில் குபீரென்று ஏறிவிட்டு, அப்புறம் பாதிக்கு மேல் எந்த மாற்றமும் இல்லாத மாதிரி இருக்கும். நம் கண் மங்கலான வெளிச்சத்தில் மிக நுட்பமாக வேறுபாடு காணும், பிரகாசத்தில் அவ்வளவாகக் காணாது. சரிசெய்வது சுலபம்: எண்ணை அதே எண்ணால் பெருக்கி 256-ஆல் வகுத்து, அந்த விடையை எல்.இ.டி.க்குக் கொடுங்கள். 128 என்பது 64 ஆகும், 32 என்பது 4 ஆகும். இந்த ஒரு வரிக்குப் பிறகு “விளக்கு எரிகிறது” என்றிருந்தது “மூச்சு விடுகிறது” என்று மாறுவதைப் பார்ப்பீர்கள். மூச்சு என்றால் ஏறி இறங்க நான்கைந்து நொடி வைத்துக்கொள்ளுங்கள், ஓய்வாக இருக்கும் மனிதரின் மூச்சுக்கு அது அருகில் இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தால் இன்னும் அழகு.

ஒலிக்கு வந்தால், எந்த வரிசையில் வந்தாலும் காதை உறுத்தாத சுரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாசிக்கப்போகிறவர் வரிசை பார்த்து வாசிக்கப்போவதில்லை. 1978-ல் வந்த சைமன் என்ற நான்கு வண்ண விளையாட்டுப் பொருளில் ரால்ஃப் பேயர் புகிள் என்ற ஊதுகொம்பின் நான்கு சுரங்களை எடுத்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொண்டாலும் அதே பலன் கிடைக்கும்.

கொஞ்சம் தற்செயலும் வேண்டும், அதிகம் வேண்டாம். ஒளிந்துகொள்ளும் நேரம் எப்போதும் சரியாக 5 நொடி என்றால் மூன்றாவது முறையே அது இயந்திரமாகிவிடும். 3 முதல் 7 நொடிக்குள் மாறிக்கொண்டிருந்தால் காத்திருப்போம். ஆனால் தொட்டால் விழிக்குமா விழிக்காதா என்பதையே தற்செயலுக்கு விட்டால் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கீழே வைத்துவிடுவார்கள். இந்தத் தற்செயல் எண்ணை எங்கிருந்து எடுப்பது என்றால், கையிடமே எடுக்கலாம். இரண்டு அசைவுகளுக்கு நடுவே கடந்த மில்லிநொடிகளின் கடைசி இலக்கம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

உள்ளே என்ன வைப்பது

சிப்பில் புரோகிராம் எழுதாமலே நிறையச் செய்யலாம், முதல் பொருளுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். 40106 என்ற சிப்பில் ஆறு இன்வெர்ட்டர்கள், அதாவது உள்ளே வருவதைத் தலைகீழாக்கி வெளியே தரும் பகுதிகள், இருக்கின்றன. ஒன்றை எடுத்து, அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது பேட்டரியின் மைனஸ் முனைக்கு, மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டர். இரண்டே பாகத்தில் அது அலைபாயத் தொடங்கிவிடும். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைத்தால் நொடிக்கு நூறு சொச்சம் அதிர்வு, ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் ஆனால் அதைப்போல் பத்து மடங்கு. அந்த ரெசிஸ்டரின் இடத்தில் ஒளிக்கு ஏற்ப மாறும் எல்.டி.ஆர். வைத்து, வெளியீட்டில், மின்சாரத்தால் அதிர்ந்து ஒலிக்கும் ஒரு பீசோ தகட்டை இணைத்துவிட்டால், கையின் நிழலால் வாசிக்கும் கருவி ஒன்று ரெடி. பயன்படுத்தாத உள்ளீடுகளைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள், அந்தரத்தில் விட்டால் அவை தாமாகவே துடித்துப் பேட்டரியைத் தின்னும். 555 என்ற டைமர் சிப்பிலும் இதைச் செய்யலாம், ஆனால் பழைய என்.இ.555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 3 வோல்ட்டில் ஓட வேண்டுமென்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சீமாஸ் வகையான டி.எல்.சி.555 வாங்குங்கள்.

குணம் உள்ள பொருளுக்கு, அதாவது நினைவு, காத்திருப்பு, தூக்கம் எல்லாம் வேண்டும் என்றால், புரோகிராம் ஏற்றக்கூடிய சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று தேவை. நான் பெரும்பாலும் ஏடிடைனி85 பயன்படுத்துகிறேன். எட்டே கால்கள், 8 கிலோபைட் புரோகிராம் இடம், 512 பைட் நினைவகம். கம்ப்யூட்டர்களின் உலகத்தில் இது ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பொருளுக்கு இதுவே தாராளம். அதிலும் பெயருக்குப் பின்னால் வி என்ற எழுத்து உள்ள வகை 1.8 வோல்ட் வரை ஓடும், சாதாரண வகைக்கு 2.7 வேண்டும். பட்டன் பேட்டரி தீரத் தீர வோல்டேஜ் இறங்குவதால் வி வகைதான் கடைசிச் சொட்டு வரை உழைக்கும். கம்ப்யூட்டரோடு இணைத்துப் புரோகிராம் எழுதும் ஆர்டினோ போர்டு ஒன்று இருந்தால் அதையே புரோகிராமராக வைத்து ஆறு ஒயரில் இதற்குள் புரோகிராமை ஏற்றிவிடலாம். சிப்பை நேராகச் சால்டர் செய்யாமல் எட்டுக்கால் சாக்கெட்டில் உட்கார வையுங்கள், கழற்றித் திருத்தி மாட்ட வேண்டிய தேவை ஐம்பது தடவையாவது வரும்.

சென்சார்களில் விலை உயர்ந்தது நல்லது என்று எதுவும் இல்லை. உள்ளே ஒரு குண்டு உருளும் சாய்வு சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும் என்பார்கள், ஆனால் அரை நொடிக்குள் அது எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணினால் எவ்வளவு பலமாக அசைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். என் பெட்டியில் ஒன்றிரண்டு என்றால் சாய்த்திருக்கிறார்கள், பத்தைத் தாண்டினால் குலுக்குகிறார்கள். சாதாரண பட்டனில் தொல்லையாக நினைத்து வடிகட்டும் அதே தடதடப்பு இங்கே தகவல். ஒன்று மட்டும்: பாதரசம் உள்ள பழைய சாய்வு சுவிட்சுகளை எடுக்காதீர்கள், உடைந்தால் ஆபத்து.

பீசோ தகடு எனக்கு மிகவும் பிடித்த பாகம், ஏனென்றால் அது வாயும் காதும். மின்சாரம் கொடுத்தால் ஒலிக்கும். தட்டினால் மின்சாரம் தரும். தட்டுவதை உணரவைக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, சிப்பின் காலுக்குப் போகும் ஒயரிலும் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். பலமாகத் தட்டினால் பத்து இருபது வோல்ட் சாதாரணமாக எழும். ஒலிக்க வைக்கும்போது ஒரு தந்திரம் உண்டு. ஒரு முனையைக் கிரவுண்டில் கட்டாமல், இரண்டு முனைகளையும் சிப்பின் இரண்டு கால்களில் இணைத்து, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும்படி மாற்றி மாற்றி ஓட்டினால், 3 வோல்ட் பேட்டரியிலேயே தகடு 6 வோல்ட் ஊசலாட்டத்தைப் பார்க்கும். சத்தம் நன்றாகக் கூடும். தகட்டைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள், மூடி முழுவதும் ஒலிப்பலகை ஆகிவிடும்.

எல்.இ.டி.யும் அப்படித்தான், எரியவும் தெரியும் பார்க்கவும் தெரியும். மின்னணுவியல் நூல்கள் எழுதிய ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் 1970-களிலேயே இதை எழுதியிருக்கிறார். எல்.இ.டி.யைத் தலைகீழாக ஒரு கணம் மின்னேற்றம் செய்துவிட்டு, அந்தக் காலை உள்ளீடாக மாற்றி, அந்த மின்னேற்றம் வடிய எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். வெளிச்சத்தில் சீக்கிரம் வடியும், இருட்டில் மெதுவாக வடியும். காலின் உள்ளே இருக்கும் புல்-அப், அதாவது அந்தக் காலைப் பாசிட்டிவோடு சேர்க்கும் ரெசிஸ்டர், அணைந்திருக்க வேண்டும், அதை மறந்தால் எப்போதும் ஒரே எண்தான் வரும். இப்படிச் செய்தால் ஒரே எல்.இ.டி., தான் இருட்டில் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொண்டு தானே எரியும். வேறு எந்த சென்சாரும் இல்லாமல் கையால் மூடினால் விழிக்கும் பொருளை இரண்டு பாகத்தில் செய்யலாம்.

தொட்டால் உணரும் கெபாசிட்டிவ் வகையை எல்லோரும் முதலில் ஆசைப்படுகிறார்கள். மேசைமேல் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும்போது அருமையாக வேலை செய்யும், பேட்டரியில் தனியாக ஓட ஆரம்பித்ததும் தடுமாறும், ஏனென்றால் அதுவரை கம்ப்யூட்டர் வழியாகக் கிடைத்த பூமித் தொடர்பு போய்விடுகிறது. பெட்டியின் அடியில் ஒரு உலோகத் தகட்டைக் கிரவுண்டோடு இணைத்து, பிடித்திருக்கும் கை அதைத் தொடும்படி செய்தால் ஓரளவு சரியாகும். முதல் பொருளுக்கு இது வேண்டாம்.

பேட்டரிக் கணக்கு

தனியாக வாழும் பொருளுக்குப் பேட்டரிதான் ஆயுள். சிஆர்2032 என்ற 20 மில்லிமீட்டர் பட்டன் பேட்டரியில் 3 வோல்ட், ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர் மணி இருக்கிறது, அதாவது 1 மில்லிஆம்பியர் இழுத்தால் 220 மணி நேரம் வரும். என் பெட்டி விழித்திருக்கும்போது எல்.இ.டி.யும் சிப்பும் சேர்ந்து சராசரியாக 3 மில்லிஆம்பியர் இழுக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் விளையாடினால் அரை மில்லிஆம்பியர் மணி. அப்படியென்றால் விளையாட்டுக்கு மட்டும் 440 நாள் வரும். மீதி 23 மணி 50 நிமிடம் தூக்கத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

நான் முதலில் செய்த பெட்டி மூன்று மாதத்துக்குள் செத்துப்போனது. சிப் சரியாகத்தான் தூங்கியது. ஆழ்ந்த தூக்கத்தில் அது ஒரு மைக்ரோஆம்பியர்கூட இழுக்காது. பிரச்சினை சாய்வு சுவிட்சில் இருந்தது. பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது சுவிட்ச் மூடியிருந்தது, சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம், அதன் வழியாக இரவு பகலாக எண்பது மைக்ரோஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்து அளந்தபோதுதான் தெரிந்தது. உள் புல்-அப்பை அணைத்துவிட்டு, வெளியே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்தேன். இப்போது 3 மைக்ரோஆம்பியர். கணக்குப்படி தூக்கத்துக்கு மட்டும் எட்டு ஆண்டு வரும், அதற்குள் வேறு காரணங்களால் பேட்டரி தீர்ந்துவிடும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வைக்கும்போது சுவிட்சுக்குப் போகும் ஒயர் குட்டையாக இருக்கட்டும், நீளமானால் சுற்றியுள்ள மின்னிரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

தூங்கப்போகும் முன் சிப்பின் ஏ.டி.சி.யை, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதியை, அணைக்க மறக்காதீர்கள், மறந்தால் தூக்கத்திலும் நூறு மைக்ரோஆம்பியருக்கு மேல் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பி வண்ணம் மாற்றும் டபிள்யூஎஸ்2812 வகை எல்.இ.டி.கள் அழகாக இருக்கும், ஆனால் அணைந்திருக்கும்போதுகூட ஒவ்வொன்றும் அரை மில்லிஆம்பியருக்கு மேல் தின்னும். அவை வேண்டுமென்றால் அவற்றுக்குப் போகும் மின்சாரத்தையே ஒரு டிரான்சிஸ்டரால் துண்டிக்க வேண்டும், பேட்டரியும் பெரிதாக வேண்டும். பட்டன் பேட்டரியில் ஓட்ட சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி.கள்தான் சரி, இரண்டு வோல்ட் அளவில் எரிந்துவிடும்; நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டே வேண்டியிருப்பதால் பேட்டரி கொஞ்சம் இறங்கியதுமே மங்கிவிடும்.

மின்மினிப் பெட்டியைச் செய்வோம்

தொடக்கத்தில் சொன்ன அதே பெட்டிதான் இது, சிப் ஏடிடைனி85. சர்க்யூட் சின்னது. சிப்பின் மின் கால்கள் இரண்டுக்கும் நடுவே, சிப்பை ஒட்டியே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஒரு காலிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக மஞ்சள் எல்.இ.டி., ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் போகும். இன்னொரு காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே சாய்வு சுவிட்ச், அதே காலிலிருந்து பாசிட்டிவுக்கு 1 மெகா ஓம். எல்.இ.டி.க்கு வெளிச்ச அளவை மாற்றும் பி.டபிள்யூ.எம். வசதியுள்ள காலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிப் வாங்கியபடியே 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும், அந்த வேகமே போதும், ஏற்ற வேண்டாம்.

புரோகிராமை எழுதும் முன் நான்கு நிலைகளைத் தாளில் வட்டங்களாக வரைந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் அம்புகளைப் போடுங்கள். தூக்கம், விழிப்பு, ஆட்டம், பயம். தூக்கத்தில் சிப் முழுவதும் நின்றிருக்கும், சாய்வு சுவிட்ச் மாறியதும் அந்தக் காலின் இன்டரப்ட், அதாவது குறுக்கிட்டுக் கூப்பிடும் வசதி, அதை எழுப்பும். விழிப்பில் இரண்டு நொடி மெல்ல ஏற்றம். ஆட்டத்தில் மூச்சு, சாய்க்கும் ஒவ்வொரு தடவையும் மூச்சுக்கு நடுவே ஒரு சின்ன மினுக்கு. இருபது நொடி எந்த அசைவும் இல்லையென்றால் ஆறு நொடியில் மங்கி, திரும்பத் தூக்கம். அரை நொடியில் பத்து மாற்றத்துக்கு மேல் வந்தால் பயம்: உடனே அணைய வேண்டும், மங்கி அணையக்கூடாது. மூன்று முதல் ஏழு நொடி இருட்டு. அந்த இருட்டில் திரும்பக் குலுக்கினால் காத்திருக்கும் நேரம் இன்னும் நீளும். யாரும் சொல்லாமலே ஆட்கள் பெட்டியை இரண்டு கையாலும் மென்மையாகப் பிடித்துக் காத்திருக்கத் தொடங்குவது இங்கேதான். அப்புறம் மிக மங்கலாக இரண்டு மினுக்கு, திரும்ப ஆட்டம்.

ஓர் இரகசியமும் வைத்திருக்கிறேன். தலைகீழாகப் பிடித்துப் பத்து நொடி அசையாமல் இருந்தால் மூச்சு போய் இதயத்துடிப்பு வரும், தடக்-தடக் என்று இரட்டைத் துடிப்பு. எல்லோரும் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடித்தவர்கள் அடுத்தவருக்குக் காட்டுகிறார்கள்.

எழுதும்போது “காத்திரு” என்று புரோகிராமை நிறுத்திவைக்கும் கட்டளையைத் தவிருங்கள். வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு நொடியும் அது எதையும் கவனிக்காது, அந்த நேரத்தில் குலுக்கினால் பதில் வராது. ஒவ்வொரு சுற்றிலும் “இப்போது மணி என்ன, நான் எந்த நிலையில் இருக்கிறேன், சுவிட்ச் மாறியதா” என்று பார்த்துவிட்டு ஒரு சின்ன அடி மட்டும் எடுத்து வைத்தால், எந்த நேரத்திலும் பதில் சொல்ல முடியும்.

அப்புறம் பயணச் சிக்கல் ஒன்று உண்டு. பையில் போட்டு எடுத்துப் போனால் வழிமுழுக்க அசைவு, வழிமுழுக்கப் பெட்டி விழித்தே இருக்கும். பத்து நிமிடம் இடைவிடாமல் அசைவு இருந்தால் களைத்துப்போய்த் தூங்கிவிடும்படி, அடுத்த ஐந்து நிமிடம் அசைவைக் கண்டுகொள்ளாதபடி எழுதுங்கள். சிப் தூங்கும்போதும் ஓடி அதை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் அதிகபட்சம் 8 நொடிதான் தூங்கவிடும், ஆகவே எட்டெட்டு நொடியாக எண்ணிக்கொள்ள வேண்டும். யாருக்காவது அனுப்புகிறீர்கள் என்றால் பேட்டரிக்கும் தொடுமுனைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாக்கைச் செருகிவிடுங்கள். அதை உருவுவதே முதல் விளையாட்டாகிவிடும்.

கூடு

பெட்டியைக் கடைசியில் யோசிப்பவர்கள் பாதி வாய்ப்பை இழக்கிறார்கள். கைக்கு எடை வேண்டும். மிக இலேசாக இருந்தால் பொம்மை டப்பா மாதிரித் தோன்றும், அடியில் ஒரு உலோகத் துண்டை ஒட்டினால் உடனே மரியாதை வந்துவிடுகிறது. எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் மேலே என்பதை வடிவமே சொல்ல வேண்டும். எல்.இ.டி.யின் புள்ளி நேராகக் கண்ணில் படக்கூடாது. அதன் தலையை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, மேலே டிரேசிங் தாளோ மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக்கோ ஒரு விரல் தூரத்தில் வைத்தால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவும். மெல்லிய மரச்சீவல் கிடைத்தால் இன்னும் நல்லது, அணைந்திருக்கும்போது வெறும் மரம், விழிக்கும்போது மரமே ஒளிரும். உள்ளே எதுவும் கிலுகிலுக்காதபடி பஞ்சோ ஃபோமோ வைத்து அடையுங்கள், ஒயர் சேரும் இடங்களில் ஒரு சொட்டு பசை வையுங்கள். குலுக்கப்படும் பொருளில் முதலில் விட்டுப்போவது சால்டர் புள்ளியை ஒட்டிய ஒயர்தான்.

குழந்தைகள் கைக்குப் போகும் என்றால் பேட்டரி அறையைத் திருகாணி போட்டு மூடியே ஆக வேண்டும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூடியைப் பிடிக்க வலுவான சின்னக் காந்தங்களையும் வைக்காதீர்கள், ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துவிடும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் இரண்டு ஏஏ பேட்டரி போட்ட பெரிய பெட்டியாகச் செய்கிறேன். முழு வெளிச்சத்தில் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிட விடாதீர்கள், ஒளியால் வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்

செய்து முடித்ததும் இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், “குலுக்கிப் பாருங்களேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடச் சோதனை வீண். ஐந்து நிமிடம் அவர் கைகளை மட்டும் பாருங்கள். கை தயங்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே பதில் தாமதமாக வருகிறது அல்லது புரியவில்லை. நீங்கள் நினைத்தே பார்க்காத ஏதோ ஒன்றை அவர் செய்வார். என் பெட்டியை ஒரு சிறுமி கண்ணருகே கொண்டுபோய்க் கைகளால் மூடி இருட்டாக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பெட்டிக்கு இருட்டு தெரியாது, அது எப்போதும்போல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அடுத்ததாகச் செய்த பெட்டியில் எல்.இ.டி.யையே பார்க்கவும் வைத்தேன். சாக்கெட்டில் ஒரு கால் கூடுதலாக இணைத்தேன், புரோகிராமில் இருபது வரி கூடியது. இப்போது அதை மூடினால் உள்ளிருந்து இரண்டு மினுக்கு வருகிறது.

கடைசியாக, மூடியின் உள்பக்கத்தில் எந்தப் பேட்டரி, எந்தப் பக்கம் பாசிட்டிவ், என்றைக்குப் போட்டது என்று அழியாத மையில் எழுதிவிட்டு, அதன்பிறகு திருகாணியை முடுக்குங்கள்.